ஹாதி பாயின் உரைகல்

தான் விற்பதைத் தானே பயன்படுத்தாத எவரையும் நம்புவதில்லை என்பது தாராவி வியாபாரி அப்துல் ஹாதியின் நெடுநாள் வழக்கம். முதலாளியே தன் வீட்டுச் சோற்றை வரவழைத்து உண்ணும் ஹோட்டலில் அவர் தேநீர்கூடக் குடிக்கமாட்டார்.

ஒருநாள் விளம்பர ஆலோசகர் பானுமதி அவரது கடைக்குக் கோபத்துடன் வந்தார்.

“பாய், வியாபாரிங்க வாட்ஸ்அப் குரூப்புல என்னை ஏமாத்துக்காரின்னு பேசிப் போட்டீங்களாமே? ரெண்டு பார்ட்டி வேலையே வேண்டாம்னுட்டாங்க.”

“பின்னே என்னம்மா? போன்ல விளம்பரம் குடுங்கன்னு ஊருக்கெல்லாம் சொல்லுதீய. ஒங்க ஆபீசுக்கு ஒரு விளம்பரம் உண்டா? நான் தேடிப் பாத்துட்டேன்லா.”

“ஒருத்தர் சொல்லி ஒருத்தர்னு எனக்கு ஆள் வந்துக்கிட்டே இருக்கு. எனக்கு எதுக்கு விளம்பரம்?”

“ஒங்களுக்கே வேண்டாத சரக்கை எங்க தலையில கட்டுதீயளாக்கும்.”

கடை ஆட்கள் சிரித்தனர்.

“கொஞ்சம் எந்திரிச்சு நில்லுங்க பாய்.”

ஹாதி கைலியை இறுக்கி முடிந்துகொண்டு எழுந்தார். அவருக்குப் பின்னால், அவருடைய பட்டறையில் தைத்த தோல் பெல்ட்டுகள் சுவர் முழுவதும் தொங்கின.

“இதுல ஒண்ணையாவது என்னைக்காவது கட்டியிருக்கீங்களா?”

“கைலிக்கு எதுக்கும்மா பெல்ட்? ஒரு முடிச்சு போதும். அது பேண்ட் போடுதவனுக்கு…”

பாதியிலேயே நிறுத்தினார். இம்முறை ஆட்கள் திரும்பி நின்று சிரித்தனர்.

ஹாதி கைப்பேசியை எடுத்து அதே குழுவில் பேசினார்.

“ஹாதி பேசுதேன். பானுமதி அம்மாவப் பத்தி நான் சொன்னது தப்பு, மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன். என் கடை விளம்பரம் இனி அவங்க பொறுப்பு. சந்தேகம் உள்ளவங்க நேர்ல வந்து பாருங்க, நான் கைலியோடதான் உக்காந்திருக்கேன்.”