கஸ்பார் மகன் மிக்கேல்

கடல் கொண்ட ஊர்களின் வரலாற்றை ஆய்வாளர்கள் இணையத்தில் கூடித் தொகுத்த பொதுத் தரவைத்தான், அந்த ஊர்க்காரர்களில் யார் இருக்கிறார், யார் இறந்தார் என்று அறிய இப்போது ஆஸ்பத்திரிகூடப் பார்க்கிறது. அதில் தில்லைநாயகியின் வேலை, ஒரே ஆள் இரண்டு முறை பதிவாகியிருந்தால் ஒன்றாக்கிவிடுவது. ஒரு நாளைக்கு நானூறு பேரை முடித்துவிடுவாள்.

அப்படி அவள் முடித்த ஒருவர் இன்று காலை வாசலில் வந்து நின்றார். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. செத்தவருக்கு டயாலிசிஸ் கிடையாது என்று ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"எனக்கு மூத்தவன் புயல்ல போயிட்டான் மேடம். ரெண்டு வயசு. அடுத்த வருசம் நான் பொறந்ததும் அவன் பேரையே எனக்கும் போட்டுட்டாங்க. எங்க பக்கம் அப்படித்தான்."

இரண்டு பதிவிலும் பெயர் மிக்கேல், தகப்பன் கஸ்பார்; பிறந்த தேதி இரண்டிலும் இல்லை. அவற்றை ஒன்றாக்க அவளுக்கு மூன்று விநாடிகூட ஆகியிருக்காது. அண்ணனின் சாவு தம்பிக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மறுபடி பிரிக்க, தரவைத் தொகுத்த ஆய்வாளர்களில் மூன்று பேர் சம்மதிக்க வேண்டும். அவர் சொன்னதை அப்படியே எழுதி, தவறு என்னுடையது என்றும் சேர்த்து அனுப்பினாள். பிறகு, அவருக்குத் தண்ணீர் கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் டம்ளரோடு நின்றாள்.

அரைமணியில் மூவரிடமிருந்தும் ஒரே பதில் வந்தது.

"என்ன மேடம் சொல்றாங்க?"

அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

'சாட்சியத்தை ஏற்க இயலாது. சாட்சி சொல்பவர் புயலில் இறந்தவர்.'