ஒரே ஒரு வெட்டு

“அதிபரைத் தாராளமா கொன்னுடுங்க. எனக்கு ஆட்சேபணை இல்ல” என்றார் தணிக்கை அதிகாரி.

கதாசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் டிவிக்கு எழுதும் விண்வெளித் தொடரில், கிரகத்து அதிபருக்குப் பல்லித் தலை. மீசை மட்டும், அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருந்த நாட்டு அதிபரின் படத்தில் உள்ள அதே மீசை.

அதற்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நடுங்கிக்கொண்டே வந்திருந்தார். காலையில் மனைவி வாசல் வரை வந்து வழியனுப்பினாள். வழக்கமாக அப்படிச் செய்கிறவள் இல்லை.

“அப்போ, அந்த ஊரடங்கு?”

“இருக்கட்டும்.”

“பக்கத்து வீட்டுக்காரங்களைக் காட்டிக் கொடுக்கிற ரோபோ?”

“அதுவும் இருக்கட்டும். எங்க தெருவுலயே ஒண்ணு இருக்கு. கடைசிக் காட்சியை மட்டும் வெட்டிடுங்க. அந்தக் குடும்பம், கிரகத்துக்குத் தண்ணி கொண்டுவந்து இறக்கிட்டுக் காலியா திரும்புற விண்கப்பல்ல ஒளிஞ்சு தப்பிக்குதே, அது வேணாம்.”

கதாசிரியருக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. “அவங்க தப்பிப்பாங்களா மாட்டாங்களான்னுதான் சார் ஜனங்க இத்தனை நாளா பாக்கறாங்க! அதை வெட்டினா தொடரே செத்துடும்.”

“தப்பிக்கட்டும், யார் வேணாம்னா? இறக்கை முளைச்சுப் பறக்கட்டும். தண்ணிக் கப்பல் மட்டும் கூடாது.”

“இறக்கையா? காறித் துப்புவாங்க சார்!”

அதற்குள் போன் அடித்தது. “ஒரே ஒரு பைதான்னு சொன்னேன்ல? கல்யாண ஆல்பம் எல்லாம் இப்ப எதுக்கு?” என்று மனைவியிடம் எரிந்து விழுந்துவிட்டு வைத்தார் அதிகாரி. யார் வீட்டில்தான் இந்தச் சண்டை இல்லை!

“உள்ள வர்ற கப்பலைத்தான் காவல்காரங்க சோதிப்பாங்க, காலியா வெளிய போறதைத் திறந்துகூடப் பாக்க மாட்டாங்கன்னு எழுதியிருக்கீங்க” என்றார்.

“ஆமா சார். சும்மா ஒரு கற்பனை.”

“நம்ம எல்லையில தண்ணி லாரிங்க அப்படித்தான் போகுது. வெள்ளிக்கிழமை இதை ஊரே பாத்துச்சுன்னா, சனிக்கிழமை விடிஞ்சதும் காலி லாரி ஒண்ணு விடாம திறந்து பாப்பாங்க.”

“பாத்துட்டுப் போகட்டுமே! அதுல உங்களுக்கு என்ன சார் நஷ்டம்?”

அதிகாரி எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்காரவில்லை. கதாசிரியரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அந்த லாரிக்குள்ள நாங்க இருப்போம், சார்.”