தனுஷாவின் தட்டு

“எங்க வூட்ல இனிப்பு துன்றது எங்க பொண்ணு தனுஷா ஒருத்திதாங்க,” என்று அடித்துச் சொன்னாள் நிர்மலா. “நேத்துகூட மூணு அதிரசம் வெச்சேன். காலையில பாத்தா தூளுகூட இல்ல!”

பல் டாக்டர் செந்தமிழ்ச்செல்வி பரிசோதனைச் சீட்டை மறுபடியும் பார்த்தாள். நிர்மலாவின் புருஷன் ஜெயப்பிரகாஷுக்குச் சர்க்கரை இந்த மாதமும் இறங்கவில்லை. அவன் வாய் கொப்பளித்துத் துப்பிய தண்ணீரில் ரத்தம் கலந்திருந்தது.

“சுகர் ஏறினா ஈறு கெடும். ஈறு கெட்டா சுகர் இறங்காது. ரெண்டும் கூட்டுக் களவாணிங்க,” என்றாள் டாக்டர். “பல்லைச் சுத்திக் கரைஞ்சுபோன எலும்பை மறுபடி வளர வைக்க இப்ப வழி இருக்கு. ஆனா இந்தச் சுகர்ல கத்தி வெச்சா புண்ணே ஆறாது. இப்படியே விட்டா முன்பல்லு மொத்தமும் போயிடும்.”

“கேட்டுக்கினியா? பொக்கை வாயனோட என்னால குடித்தனம் பண்ண முடியாது,” என்று நிர்மலா அவன் தோளில் இடித்தாள். “கரும்பு வெட்டப் போனாக்கூட ஒரு துண்டு கடிக்காத மனுசனுங்க. டீயிலயும் சக்கரை இல்ல. எங்கேந்துதான் ஏறுதோ!”

ஜெயப்பிரகாஷ் சிரிக்கவில்லை.

“அதிரசம் துன்ற பொண்ணையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்க. சொத்தை இருக்கான்னு பாத்துடலாம்,” என்றாள் டாக்டர்.

“அவ எங்க மேடம் வரப்போறா? நாங்க கண்ணசந்தப்புறம் வந்து துன்னுட்டுப் போயிடறா. கண்ணுலயே சிக்க மாட்டேங்கறா, கள்ளி!”

சிரித்தபடியே மருந்து வாங்க வெளியே போனாள் நிர்மலா. டாக்டர் சீட்டை மூடிவைத்துவிட்டு ஜெயப்பிரகாஷைப் பார்த்தாள்.

“தனுஷா எத்தனாவது படிக்கறா?”

ஜெயப்பிரகாஷ் தலையைக் குனிந்துகொண்டான்.

“போன ஆடியில கோமுகி வாய்க்கால்ல முழுகிப் போயிட்டா மேடம். இவ தெனம் அவ படத்துக்கு முன்னால இனிப்பு வெக்கிறா. விடிஞ்சு தட்டு காலியா இருந்தாதான் இவ ஒரு வாய் சோறு துன்னுவா.”

“அப்ப... அந்த அதிரசம்?”

அவன் கதவைப் பார்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினான்.

“தூக்கிப் போடக் கை வரல மேடம். நான் துன்னலன்னா, புள்ள வரலன்னு ஆயிடும்.”