சுயசரிதைக்கு வந்த சோதனை

“ஏம்ப்பா, மறுபடி மறுபடி ஓஎஸ் போடறதைத் தவிர உனக்கு வேற ஏதாவது தெரியுமா?”

ரிடையர்டு அதிகாரி கம்ப்யூட்டர் மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டார். எதிரே மானிட்டர் நீலமாக முழித்துக்கொண்டிருந்தது. போன வாரம்தான் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஓஎஸ் போட்டுக் கொடுத்திருந்தான். அதற்கு முந்தின வாரமும் அதே கதைதான். அவன் எதிரில் சமர்த்தாக ஓடும். அவன் தலை மறைந்ததும் படுத்துவிடும்.

“ஒன்பது அத்தியாயம்!” என்றார் அதிகாரி. “என் வாழ்க்கையில ஒன்பது அத்தியாயம் போச்சு! நாட்டுக்கே வழிகாட்டற மாதிரி எழுதியிருந்தேன்.”

நாடு தப்பித்தது என்று நினைத்துக்கொண்டான் மெக்கானிக். “பென்டிரைவ்ல காப்பி எடுத்து வைக்கச் சொன்னேனே சார்?”

“காப்பி எடுக்க நான் என்ன குமாஸ்தாவா? எழுத்தாளன்யா!”

அந்த அடுக்குமாடியில் அவருக்குப் பெயரே ‘சுயசரிதை’தான். ரிடையர் ஆன நாளிலிருந்து அவருக்கு வேறு பேச்சே கிடையாது. அவர் லிஃப்ட்டில் நிற்பதைப் பார்த்தால், முட்டிவலிக்காரர்கள்கூடப் படியேறிப் போனார்கள். “எப்ப சார் புத்தகம்?” என்று யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால், “இந்நேரம் அச்சுக்கே போயிருக்கும். அந்த மெக்கானிக் பாவி கெடுத்துட்டான்” என்பார்.

விளைவு? இரண்டாம் மாடிக்காரர்கள் பிரிண்டரை வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார்கள். நான்காம் மாடியில் அவனைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். இந்த ஒரு கட்டடத்தை நம்பித்தான் அவன் பிழைப்பு ஓடுகிறது. இந்தத் தடவையும் சொதப்பினால் கடையை மூட வேண்டியதுதான்.

“ரேம் பிரச்சினையா இருக்கலாம் சார்...”

“போன தடவை டிரைவர்னே.”

“பவர் சப்ளையாகூட...”

“அதுக்கு முந்தி தூசின்னே. அடுத்தது என்ன, என் மூஞ்சியா?”

மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு பையிலிருந்து புது ஸ்குரு டிரைவரை எடுத்தான்.

“சிவப்புப் பிடி போட்டு ஒண்ணு வச்சிருந்தியே?”

“எங்கயோ தொலைஞ்சுபோச்சு சார்.”

“அடேயப்பா! ஒரு ஸ்குரு டிரைவரைக் காப்பாத்தத் தெரியல, என் கம்ப்யூட்டரைக் காப்பாத்தப் போறாராம்!”

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். மெக்கானிக் முதல் தடவை வந்தபோது அவர் கட்டைவிரலில் பிளாஸ்திரி இருந்தது. எழுதி எழுதிப் புண்ணாகிவிட்டது என்றார். கீபோர்டில் தட்டினால் புண் வருமா என்று கேட்க மெக்கானிக்குக்கு நாக்கு துடித்தது. கேட்டால் அதற்கும் ஒரு அத்தியாயம் வரும் என்று அடங்கிவிட்டான்.

பெட்டியைத் திறந்து, தூசி தட்டி, உள்ளே இருந்ததையெல்லாம் அழுத்திச் சொருகி, மறுபடி ஓஎஸ் போட்டான். கம்ப்யூட்டர் குதிரை மாதிரி ஓடியது.

“தம்பி, டீ குடிச்சிட்டுப் போ” என்று வந்தார் அதிகாரியின் மனைவி. ஒவ்வொரு தடவையும் போன் பண்ணிக் கூப்பிடுவது இந்த அம்மாதான். “நல்லா ஓடுதில்ல? அவர் எழுத முடியாம தவிக்கறதைப் பார்க்க எனக்குப் பொறுக்கலப்பா.”

இந்த மனுஷனுக்கு இப்படி ஒரு மனைவியா என்று மெக்கானிக்குக்கு மனசு இளகிவிட்டது. டீயைக் குடித்துவிட்டுக் கீழே இறங்கினான். வண்டியை எடுக்கும்போதுதான் செல்போனை மேலேயே விட்டது தெரிந்தது.

திரும்பி வந்தான். வாசல் கதவு சாத்தாமல் இருந்தது. எழுத்தாளரின் அறைக்குள் எட்டிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

திரையில் ‘என் வாழ்க்கை – அத்தியாயம் ஒன்று’ என்று இருந்தது. அதற்குக் கீழே ஒரு எழுத்துகூட இல்லை. பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, எழுத்தாளர் தரையில் மண்டியிட்டுப் பெட்டிக்குள் தலையை விட்டு, ரேம் அட்டையைப் பாதி வெளியே இழுத்தார். அவர் கையில் அந்தச் சிவப்புப் பிடி ஸ்குரு டிரைவர்!

மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகச் சமையலறைக்கு ஓடினான்.

“அம்மா, உங்க வீட்டுக்காரர் லட்சணத்தை வந்து பாருங்க! ஒரு வரிகூட எழுதல. எழுதினாத்தானே அழியறதுக்கு! ரேமைக் கழட்டி விடறதே அவர்தான். என் பேரைக் கெடுத்தாரில்ல? இப்பவே ஒவ்வொரு மாடியா போய்ச் சொல்றேன்!”

அந்த அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்தினார்.

“மெதுவா பேசு தம்பி. எழுதறதுக்கு அவர்கிட்ட என்ன இருக்கு? இத்தனை வருஷம் குடும்பம் நடத்தின எனக்குத் தெரியாதா?”

“தெரியுமா! அப்புறம் எதுக்கும்மா என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு...”

“ரிடையர் ஆன புதுசுல பொழுதன்னிக்கும் இங்கதான் நிப்பாரு. உப்பு டப்பாவுக்கு லேபிள், வெங்காயம் நறுக்க மேற்பார்வை. இந்த எழுத்து வந்தப்புறம்தான் நான் மூச்சே விடறேன். வெளிய சொல்லி என் நிம்மதியைக் கெடுத்துடாதே.”

“என் பிழைப்பு போச்சேம்மா!”

“அதெல்லாம் போகாது. என் தங்கச்சி வீட்டுக்காரர் இந்த மாசம் ரிடையர் ஆகறாரு, உன் நம்பரை அவகிட்ட கொடுத்திருக்கேன். இவர் பழம் நறுக்கற கத்தியால கம்ப்யூட்டரைத் திறக்கப் போய் விரலைக் கிழிச்சுக்கிட்டாரேன்னு, நான்தான் உன் பையிலேருந்து அந்தச் சிவப்பு ஸ்குரு டிரைவரை எடுத்து அவர் மேஜையில வச்சேன். தங்கச்சி வீட்டுக்குப் போகும்போது, கையோட ஸ்குரு டிரைவரை ரெண்டா எடுத்துட்டுப் போ.”