முக்கால் நடை

நம்பாவிட்டால் அந்த நாயையே கேளுங்கள்.

குடைக்கம்பியும் பொம்மை மோட்டாரும் வைத்து ஒரு வீட்டில் நாலுகால் எந்திரம் செய்தார்கள். முன்னங்கால் ஒன்றின் மோட்டார் புகைந்துபோனது. சாயங்காலத்துக்குள் வாசல்வரை நடக்காவிட்டால் அதைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். எந்திரம் குதிரை மாதிரி நடந்து விழுந்தது. ஆடு மாதிரி நடந்தும் விழுந்தது.

முன்னங்கால் ஒன்று இல்லாத தெருநாய் சிரித்தது. "முழு நடைக்கு ஏண்டா ஆசைப்படுறே? நமக்கு முக்கால் போதும். முன்னங்காலை ஊன்று, பின்னங்கால் ரெண்டையும் சேர்த்துத் தத்து. இப்படி!"

எந்திரம் தத்தித் தத்தி வாசலைத் தொட்டது. வீடே கைதட்டியது, புது மோட்டாரும் வந்தது.

இப்போது அது நாலு காலில் ஓடுகிறது. நாயைக் கண்டால் மட்டும் நின்று ஒரு முன்னங்காலைத் தூக்கும்.

"காலை ஏண்டா தூக்குறே? நான் என்ன விளக்குக் கம்பமா?"

"கும்பிடக் கை இல்லையே, அண்ணே!"