முழுக்கைச் சட்டை

“எல்லாரும் சேலைக்கு முழுக்கைச் சட்டைதான் போடவேணும். கை மணிக்கட்டு வரைக்கும் இருக்கவேணும். அரைக்கையோடை வாற ஆக்கள் படத்திலை நிற்க ஏலாது.”

வட்ஸ்அப் குறூப்பில் ஆரணி இப்படிப் போட்டதும் தர்சிகாவுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

பட்டமளிப்பு விழாவுக்கு முன்னால், அவர்களுடைய வகுப்புப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஸ்டூடியோவில் ஒரு படம் எடுப்பதாக முடிவு. கறுப்பு அங்கி போட்டால் சேலை தெரியாது. அதனால் அங்கி இல்லாமல் ஒன்று. ஏற்பாட்டை ஆரணியிடம் விட்டிருந்தார்கள்.

தர்சிகா உடனே அவளுக்குப் போன் எடுத்தாள்.

“ஆரணி, என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? என்ரை சட்டை தைச்சு முடிஞ்சுது. மாமி கனடாவிலை இருந்து அனுப்பின துணி. அரைக்கை.”

“வேறை ஒண்டு தை, தர்சிகா. இன்னும் ஒரு கிழமை கிடக்கு.”

“ஏன் எண்டு சொல்லு.”

“எல்லாரும் ஒரேமாதிரி நிண்டால் வடிவாய் இருக்கும்.”

“இந்த வெயிலுக்கு முழுக்கையோ? புழுங்கிச் சாகவோ?”

“கொஞ்ச நேரம்தானே. பொறுத்துக்கொள்.”

ஆரணி போனை வைத்துவிட்டாள்.

தர்சிகா விடுவாளா? ஆரணியின் தகப்பன் கொடிகாமத்தில் ஒரு கோயிலுக்குத் தலைவர். அதைப் பிடித்துக்கொண்டு குறூப்பில் எழுதினாள்.

“தகப்பன் கோயில் தலைவர் எண்டால் எங்களுக்கும் உடுப்புச் சட்டமோ? நாளைக்குத் திருநீறும் அளந்து பூசச் சொல்லுவா.”

சிரிப்பு முகங்கள் வரிசையாக விழுந்தன.

“கண்டறியாத சட்டம்!” என்றாள் ஒருத்தி.

“கோயிலுக்குப் போறமோ, படம் எடுக்கப் போறமோ?” என்றாள் இன்னொருத்தி.

எல்லாவற்றுக்கும் ஆரணியின் பதில் ஒன்றுதான்.

“சனிக்கிழமை. முழுக்கை.”

இணுவில் வீட்டில் தர்சிகாவின் தாய் ஞானாம்பிகை இந்தப் புறுபுறுப்பைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

“அந்தப் பிள்ளைக்கு என்ன கரைச்சலோ. சொன்ன மாதிரித் தைச்சுப் போட்டுக்கொண்டு போவன்.”

“அவளுக்கு ஒரு கரைச்சலும் இல்லை, அம்மா. அதிகாரம்!”

சொன்னாளே தவிர, படத்தில் இல்லாமல் போக மனமில்லை. முழுக்கைச் சட்டை ஒன்று தைத்தாள்.

சனிக்கிழமை ஸ்டூடியோவுக்குள் அடுப்படி போல வெக்கை. படம் எடுக்கிற யாகப்பு, பின்னால் கட்டிய திரை ஆடுகிறது என்று ஃபானையும் நிற்பாட்டிவிட்டார். எல்லாருக்கும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“உந்தப் புண்ணியம் எல்லாம் ஆரணிக்குத்தான்” என்று தர்சிகா கண்ணாடியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

ஆரணி காதில் விழாதவள் போல ஒருத்தியின் சேலைத் தலைப்புக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தாள். அவளோடு ஒருவரும் கதைக்கவில்லை.

கடைசியாக வந்தவள் துஷாந்தினி. புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பிள்ளை. விடுதியில் அவளும் ஆரணியும் ஒரே அறை.

பச்சைச் சேலை. இடது கையைத் தலைப்பு மூடியிருந்தது. வலது கையில் சட்டை முழங்கைக்கு மேலேயே நின்றுவிட்டது.

“பாருங்கோடி!” என்றாள் தர்சிகா. “எங்களுக்கு முழுக்கை, துஷாந்தினிக்கு அரைக்கை. அறைச் சிநேகிதிக்கு வேறை சட்டமோ, ஆரணி?”

துஷாந்தினி தலைப்பை எடுத்துத் தோளில் போட்டாள்.

இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் உருகிச் சுருங்கி, தாறுமாறாக ஒட்டிக் கிடந்தது. சின்ன வயதில், சண்டையின் கடைசி நாட்களில், செல் குண்டு விழுந்து எரிந்த கை. நாலு வருடம் பக்கத்தில் இருந்து படித்தவர்கள் இன்றைக்குத்தான் அதைப் பார்க்கிறார்கள்.



ஆரணி மட்டும் ஓடிவந்தாள்.

“ஏனடி இப்பிடி வந்தனி? முழுக்கைச் சட்டை எங்கை?”

“பையுக்குள்ளை கிடக்கு.”

“கெதியாய்ப் போய் மாத்து. நீ வருமட்டும் நாங்கள் பாத்துக்கொண்டு நிக்கிறம்.”

“மாட்டன்.”

“துஷா, சொல்லுறதைக் கேள்...”

“நீ கேள். ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டு முதல் வருசம் உன்னட்டைச் சத்தியம் வாங்கினனான். போன கிழமை, நான் மட்டும் முழுக்கையோடை நிண்டால் எல்லாரும் ஏன் எண்டு கேப்பினம், படத்துக்கு வரேல்லை எண்டு சொன்னன். அண்டைக்குத்தான் நீ குறூப்பிலை ‘எல்லாரும் முழுக்கை’ எண்டு போட்டனி. அதுக்குப் பேந்து அவ்வளவு ஏச்சு வாங்கினாய். அப்பவும் சொல்லேல்லை.”

துஷாந்தினி கையை மறைக்கவில்லை. தர்சிகாவின் பக்கம் திரும்பினாள்.

“அவள் வாய் திறக்கமாட்டாள். அதுதான் நான் கையைக் காட்ட வந்தனான்.”