கட்டுமரத்தில் ஒட்டிய நோட்டீஸ்

காலடிப்பேட்டையிலிருந்து காலாற நடந்து வந்த என்னைக் கடற்கரை மணலில் மீன்காரி தேசம்மா மறிக்கிறாள். குடிசைக்குக் கதவில்லை என்று, உலரக் கிடந்த அவள் கட்டுமரத்திலேயே பசை தடவிச் சர்க்கார் நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதுவும் இங்கிலீஷில்! பிய்த்தெடுத்த தாளை நீட்டுகிறாள். "தெனம் காத்து வாங்க வர்றியே சாமி, இன்னா எழுதிக்கீதுன்னு சொல்லு." தொழிற்சாலை வருகிறது, வேலி போடுவார்கள், பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும். நாக்கு கூசினாலும் படித்துச் சொல்கிறேன். அவள் அழவில்லை. தாளைப் பிடுங்கி, உப்பேறிய நகத்தால் அழுத்தி அழுத்தி மடிக்கிறாள். சர்க்கார் முத்திரை அடியில் போய், ஒரு கப்பல் எழுகிறது. "பதினஞ்சு நாள்ல கடலயும் தூக்கிக்கினு போவணுமாமா?" கப்பலை என் கையில் திணிக்கிறாள். "வேலி போட்டா, காத்து வாங்க வர்ற நீயும் வேலிக்கு அந்தாண்டதான் சாமி. அப்பவும் படிச்சிக் காட்டிக்கினே நிப்பியா?"